பந்தியும் மேகமும்: செங்கோட்டை வாத்தியார் பதில்கள்

ஆனி பிறந்து சாரல் தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களும் ஈரமாகிவிடும். இந்தத் தடவை வந்த கேள்விகளில் முக்கால்வாசி மேகத்தைப் பற்றியவை. பரோட்டா மாவு ஏன் ரப்பர் மாதிரி இழுபடுகிறது என்று கேட்டவர் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வாத்தியாரய்யா, ஆரியங்காவில் இருக்கும் என் மச்சான் "இங்கே அடித்து ஊற்றுகிறது" என்று போன் பண்ணுகிறான். அதே நேரம் என் வயல் வரப்பில் நின்றால் வேட்டிகூட முழுசாக நனையாத சாரல். நடுவில் ஒரு மலைதானே இருக்கிறது? அதே மேகம்தானே இந்தப் பக்கமும் வருகிறது? துளி மட்டும் எப்படிச் சிறுத்துப்போகிறது?
— நெல் விவசாயி, புளியரை

பதில்: அண்ணாச்சி, நீங்கள் சொல்வதை நான் ரயிலிலேயே பார்த்திருக்கிறேன். செங்கோட்டையில் ஏறினால் பகவதிபுரம் வரை சன்னலில் வெயில் கூடவே வரும். குகைக்குள் நுழைந்து ஆரியங்காவுப் பக்கம் தலை நீட்டியதும் "ஷட்டரை இறக்குங்க" என்று பெட்டி முழுக்கச் சத்தம் போடுவார்கள்.

முதலில் துளி உண்மையிலேயே சின்னதுதானா என்று பார்த்துவிடுவோம். பனித்துகள்களைப் படம் எடுத்துப் பேர் வாங்கிய வில்சன் பென்ட்லி என்ற அமெரிக்க விவசாயி, மழைத்துளியை அளக்க ஒரு வழி கண்டுபிடித்து 1904இல் எழுதினார். தட்டில் மாவைப் பரப்பி மழையில் சில விநாடி காட்டுவது. துளி விழுந்த இடமெல்லாம் மாவு உருண்டையாகும். காயவைத்துச் சலித்தால் உருண்டை கையில் நிற்கும். உருண்டையின் அளவு ஏறக்குறைய துளியின் அளவு. அவ்வளவுதான், கருவி முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஒரு ஜூலை மாதம் நானும் பையன்களும் இதைச் செய்துபார்த்தோம். பிரானூரில் ஒரு பரோட்டாக் கடையில் போய் அரைக் கிலோ மைதா கேட்டேன். "எதுக்கு சார்?" என்றார் கடைக்காரர். "மழை பிடிக்க" என்றேன். காசு வாங்கவில்லை. இரக்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். புளியரையில் எவர்சில்வர் தட்டில் பிடித்த சாரல் ரவை ரவையாக இருந்தது, அங்கங்கே கசகசா அளவில் சில. அதே வாரம் ஒரு பையனின் அப்பா மலைக்கு அந்தப் பக்கம் கழுதுருட்டியில் பிடித்துக்கொண்டு வந்த தட்டில் கடுகுதான் அதிகம், மிளகுக்குக் கிட்டத்தட்ட இரண்டு. அந்த இரண்டையும் பையன்கள் தீப்பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள்.

சரி, காரணம். நெல் தூற்றுவது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முறத்திலிருந்து விழும் மணி காலடியில் விழும், பதர் காற்றோடு தள்ளிப் போகும். மலை உச்சியில் நடப்பதும் அதுதான். கடுகளவு துளி, அதாவது 2 மில்லிமீட்டர், விநாடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் இறங்கும். ரவை அளவு, அரை மில்லிமீட்டர், விநாடிக்கு 2 மீட்டர்தான். மேல்காற்று விநாடிக்கு 10 மீட்டர் அடிக்கிறது, துளி 500 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வையுங்கள். கடுகு ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டரில் தரையைத் தொட்டுவிடும். ரவை இரண்டரை கிலோமீட்டர் தள்ளி வந்துதான் விழும். பெரியதையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் காற்று உங்கள் வயலுக்கு எடுத்துவருகிறது.

அது மட்டுமில்லை. மலை தாண்டிய காற்று கீழே இறங்கும். இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும், மேகம் இல்லாத காற்று என்றால் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி. அந்தச் சூட்டில் வழியிலேயே துளி மெலியும், சிலது காணாமலே போகும். கோட்டைவாசல் பக்கம் மலைமுகட்டில் வெள்ளைப் போர்வை மாதிரி மேகம் உட்கார்ந்திருக்கும், ஆனால் ஒரு எல்லைக்கு மேல் இந்தப் பக்கம் நகராது என்று பார்த்திருப்பீர்கள். அது நகராமல் இல்லை. பின்னாலிருந்து காற்று வந்துகொண்டே இருக்கிறது, முன்விளிம்பில் கரைந்துகொண்டே இருக்கிறது. திருவிழாக் கூட்டம் மாதிரி: கோயில் வாசலில் எப்போது பார்த்தாலும் கூட்டம் இருக்கும், ஆனால் ஆட்கள் வேறு. அதனால் "அதே மேகம்தானே" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு, விளிம்பில் வெளிக்காற்று கலப்பது. அது அடுத்த கேள்வியாகவே வந்திருக்கிறது.

கேள்வி: ஐயா, போன இதழில் மேகம் உண்டாவதை விளக்க ஒரு பலூன் படம் போட்டிருந்தீர்கள். சூடான காற்றுப் பலூன் மேலே போகும், விரியும், குளிரும், உள்ளே துளி உண்டாகும் என்று எழுதியிருந்தீர்கள். மேகத்துக்கு அப்படித் தோல் எதுவும் கிடையாதே? வெளியிலுள்ள உலர்ந்த காற்று உள்ளே புகுந்தால் என்ன ஆகும்? எல்லாத் துளிகளும் கொஞ்சம் கொஞ்சம் சிறுக்குமா, அல்லது சிலது மட்டும் அழிந்து மற்றவை அப்படியே இருக்குமா? எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.
— கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: மாட்டிக்கொண்டேன் அம்மா. 31 வருடம் கரும்பலகையில் அதே பலூனைத்தான் வரைந்தேன், ஒருத்தரும் தோல் எங்கே என்று கேட்கவில்லை. பலூன் படம் பொய் இல்லை, ஆனால் பாதி. மீதியை இப்போது சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நாம் பேசுவது திரள் மேகம் பற்றி. உங்கள் ஊர்ப்பக்கம் பத்து மணி வெயிலில் கிளம்பி, மத்தியானம் காலிஃபிளவர் மாதிரி வானத்தில் நிற்குமே, அது. 1802இல் லூக் ஹோவர்ட் என்ற லண்டன்காரர் லத்தீனில் 'குமுலஸ்' என்று பேர் வைத்தார். குமுலஸ் என்றால் குவியல்.

அதற்குள் இருக்கும் துளியின் அளவு மனதில் பதியவேண்டும். சாதாரண மேகத்துளியின் விட்டம் 20 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. சாதாரண மழைத்துளி 2 மில்லிமீட்டர். மேகத்துளியைக் கடுகு என்று வைத்தால் மழைத்துளி ஒரு பூசணிக்காய். பத்து லட்சம் கடுகு சேர்ந்தால்தான் அந்தப் பூசணி. மேகத்துளி விநாடிக்கு 1 சென்டிமீட்டர்தான் இறங்கும். ஒரு கிலோமீட்டர் கீழே வர ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் ஆவியாகிவிடும். ஆகவே மேகம் மழையாக வேண்டுமென்றால் கடுகு பூசணியாக வேண்டும், அதுவும் அரை மணிக்குள். திரள் மேகத்தின் ஆயுளே அவ்வளவுதான்.

ஈரக்காற்றிலிருந்து நீராவி ஒட்டி ஒட்டித் துளி வளரும் என்று படித்திருப்பாய். வளரும், ஆனால் ஒரு சிக்கல். துளி பெரிதாகப் பெரிதாக ஆரம் கூடும் வேகம் குறையும். சைபரிலிருந்து 10 மைக்ரான் ஆரம் வர ஒரு பங்கு நேரம் என்றால், 10லிருந்து 20க்குப் போக மூன்று பங்கு நேரம். முன்னால் போனவன் மெதுவாவான், பின்னால் வந்தவன் எட்டிப் பிடிப்பான். பலூனுக்குள் அடைத்துவைத்தால் கடைசியில் எல்லாத் துளியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். ஒரே அளவு என்றால் ஒரே வேகத்தில் விழும். ஒரே வேகத்தில் முன்னும் பின்னும் போகிற இரண்டு பஸ் எப்படி மோதும்? மோதாமல் ஒன்று சேராது, சேராமல் மழை இல்லை. மோதல் சூடுபிடிக்க ஒரு சில துளியாவது 20 மைக்ரான் ஆரத்தைத் தாண்டியாக வேண்டும். பலூன் கணக்குப்படி திரள் மேகம் அவ்வளவு சீக்கிரம் மழை பெய்யவே கூடாது. வெளியே எட்டிப் பார்த்தால் பெய்கிறது.

பலூனுக்குத் தோல் இல்லை என்று அளவெடுத்துச் சொன்ன முதல் ஆட்களில் ஒருவர் ஹென்றி ஸ்டோமெல். கடலியல்காரர், மேகம் அவருக்குப் பக்கத்து வீடு. கடல்மேல் நிற்கும் திரள் மேகங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் விமானத்தில் எடுத்த வெப்பம், ஈரம் இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு, மேகம் மேலே ஏறும்போதே சுற்றிலும் இருக்கும் காற்றை இழுத்துக்கொள்கிறது என்று 1947இல் எழுதினார். ஆஸ்திரேலியாவில் ஜாக் வார்னர் 1955இல் மேகத்துக்குள் தண்ணீரையே அளந்தார். பலூன் கணக்கு சொல்லும் தண்ணீர் அங்கே இல்லை. மேலே போகப் போக இருக்கவேண்டியதற்கும் இருப்பதற்கும் இடைவெளி அதிகமானது. அப்புறம் ஒரு நீண்ட சண்டை: காற்று பக்கவாட்டில் புகுகிறதா, உச்சியிலிருந்து இறங்குகிறதா என்று. 1958இல் ஸ்குவயர்ஸ் உச்சி என்றார், 1979இல் இல்கா பாலுக் கொலராடோ மேகங்களை அளந்து அதற்குப் பலம் சேர்த்தார். பக்கவாட்டுக் கட்சி ஓயவில்லை. இரண்டும் நடக்கிறது என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மேகத்துக்கு மேகம் பங்கு மாறும்.

எப்படிப் புகுகிறது என்று உன் வீட்டு அடுப்பங்கரையிலேயே பார்க்கலாம். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்ததும் கிளம்பும் ஆவியின் நடுவைப் பார்க்காதே, ஓரத்தைப் பார். ஓரம் உருண்டு உருண்டு சுருளும். ஒவ்வொரு சுருளும் வெளிக்காற்றை ஒரு கை அள்ளித் தன்னோடு சுற்றிக்கொள்ளும். திரள் மேகத்தின் ஒவ்வொரு காலிஃபிளவர்ப் பூவும் அப்படி ஒரு சுருள்தான், அளவு மட்டும் பத்து மீட்டர், நூறு மீட்டர். சுருண்ட இடத்தில் துளி ஆவியாகும், ஆவியானால் காற்று குளிரும், குளிர்ந்தால் கனக்கும், கனத்தால் கீழே சரியும். அதனால்தான் மேலே ஏறிக்கொண்டிருக்கும் திரள் மேகத்தைச் சுற்றி, கீழே இறங்கும் காற்று ஒரு மெல்லிய உறை மாதிரி இருக்கும். நாம் தேடிய தோலுக்குக் கிட்டத்தில் வருவது அது ஒன்றுதான், ஓட்டை நிறைந்த தோல்.

மேகம் எவ்வளவு ஏழை என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கன மீட்டர் திரள் மேகத்தில் திரவமாக இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 1 கிராம்தான். பார்க்கத்தான் மலை மாதிரி. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று நிறைய 17 கிராம் நீராவி பிடிக்கும். வெளிக்காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அதற்கு இன்னும் 5 கிராம் பசி. ஆவியாகும்போது காற்று குளிர்வதால் அந்தப் பசி ஒன்றரை கிராம் அளவில் அடங்கிவிடும். அப்படியும், நம்ம ஊர்க் கணக்கில் நல்ல ஈரம் என்று சொல்லும் அந்தக் காற்று ஒரு கன மீட்டர் புகுந்தால், ஒன்றரை கன மீட்டர் மேகத்தைத் துடைத்துவிடும். மலைக்குக் கிழக்கே, காற்று இன்னும் வறண்டிருக்கும் எங்கள் பக்கம், மத்தியான மேகம் கிளம்பிய வேகத்தில் கிழிந்து போவதற்கு இதுவே காரணம்.

இப்போது உன் கேள்வி. எல்லாத் துளியும் சிறுக்குமா, சிலது மட்டும் சாகுமா?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள். நூறு பேருக்குச் சமைத்த இடத்தில் நூற்றைம்பது பேர் வந்துவிட்டார்கள். விஷயம் பரிமாறுகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்தால் முதல் இலையிலிருந்தே கையைச் சுருக்குவார்கள். எல்லோருக்கும் சோறு உண்டு, எல்லோருக்கும் அரை வயிறு. தெரியாவிட்டால் முன்வரிசைக்கு வழக்கம்போல் விழும், கடைசி வரிசை இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குறைந்த சோறு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். யாருக்குக் குறைந்தது என்பதுதான் வேறு.

மேகத்திலும் இந்த இரண்டு வழி உண்டு. புகுந்த காற்று சட்டென்று எல்லா இடமும் பரவிவிட்டால் எல்லாத் துளியும் ஒரே வறட்சியைச் சந்திக்கும், எல்லாம் கொஞ்சம் மெலியும், அழிவது குறைவு. இதை ஒருசீர்க் கலப்பு என்று சொல்லலாம். பரவுவதற்கு முன்னால் விளிம்பில் இருக்கும் துளிகளையே தின்று பசியாறிவிட்டால், அங்கே இருந்தவை அடியோடு அழியும், உள்ளே இருப்பவை பழைய அளவிலேயே இருக்கும். எண்ணிக்கை குறையும், அளவு குறையாது. இது சீரற்ற கலப்பு. 1977இல் லேதமும் ரீடும் ஆய்வுக்கூடத்தில் செயற்கை மேகத்தில் உலர்ந்த காற்றைக் கலந்து இந்த இரண்டாவது வழியைப் பார்த்தார்கள். 1980இல் மார்சியா பேக்கர், கார்பின், லேதம் மூவரும் அதைக் கணக்காக எழுதினார்கள்.

எந்த வழி நடக்கும் என்பதை முடிவுசெய்வது ஒரு பந்தயம். கலப்பு முந்துகிறதா, ஆவியாதல் முந்துகிறதா? 10 மைக்ரான் ஆரமுள்ள துளி 70 சதவீத ஈரக்காற்றில் இரண்டு விநாடி அளவில் மறைந்துவிடும். கலப்புக்கு ஆகும் நேரம், புகுந்த காற்றுக் கட்டியின் அளவைப் பொறுத்தது. மிதமான கொந்தளிப்பில், ஒரு சாண் அளவுக் கட்டி என்றால் ஒன்று ஒன்றரை விநாடி. 10 மீட்டர் கட்டி என்றால் 20 விநாடிக்குமேல். 100 மீட்டர் என்றால் ஒன்றரை நிமிடம். ஆக, சாணளவில் புகுந்த காற்று சமமாகப் பரிமாறும், வீட்டளவில் புகுந்த காற்று கடைசி வரிசையைப் பட்டினி போடும். இந்த இரண்டு நேரங்களின் விகிதத்துக்கு டாம்கோலர் எண் என்று பேர். கெர்ஹார்ட் டாம்கோலர் ஜெர்மன் வேதியியல்காரர், அவர் யோசித்தது ரசாயன வினைகளையும் தீச்சுடரையும் பற்றி. மேகக்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

உன் வீட்டுப் பக்கத்து டீ மாஸ்டர் ஆற்றும்போது சர்க்கரை எல்லா மடக்கிலும் ஒன்றுபோல் இருக்கும். ஆற்றாமல் கொடுத்தால் முதல் மடக்கு கசக்கும், கடைசி மடக்கு பாயசம். ஆற்றுகிற வேகம்தான் எல்லாம்.

நிஜ மேகத்தில் எது நடக்கிறது? இதற்குப் பழைய கருவி போதவில்லை. விமானம் விநாடிக்கு நூறு மீட்டர் போகும். அது எடுக்கும் சராசரி, பந்தி முழுவதையும் ஒரு போட்டோவில் எடுத்த மாதிரி, யார் இலையில் சோறு இருக்கிறது என்று தெரியாது. லேசர் ஒளியில் ஹாலோகிராம் என்ற முப்பரிமாணப் படம் எடுக்கும் கருவி வந்த பிறகு ஒரு குட்டி இடத்திலுள்ள ஒவ்வொரு துளியையும் எண்ணி அளக்க முடிந்தது. 2015இல் வெளிவந்த அந்த அளவுகளில், சென்டிமீட்டர் கணக்கில் விளிம்பு வெட்டின மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் துளி நிறைய, அந்தப் பக்கம் துளி சொற்பம், ஆனால் இரண்டு பக்கமும் துளியின் சராசரி அளவு கிட்டத்தட்ட ஒன்றே. கடைசி வரிசைப் பட்டினிதான். எல்லா மேகத்திலும் எப்போதும் இப்படியே என்று அதற்காக எழுதிவைத்துவிடாதே. வறண்ட காற்று மெல்ல, சிறு சிறு சுருளாகப் புகும் இடத்தில் சமப் பரிமாற்றமும் நடக்கும். தேர்வில் இரண்டையும் எழுது.

கேள்வி: உலர்ந்த காற்று மேகத்தைத் தின்கிறது என்கிறீர்கள். அதே காற்று மழைக்கு உதவவும் செய்யும் என்று வானொலியில் ஒருவர் பேசினார். இரண்டில் எது சரி?
— ஓய்வுபெற்ற தபால்காரர், கம்பம்

பதில்: இரண்டும். மேலே சொன்ன பந்தியிலேயே கதையைத் தொடருங்கள். கடைசி வரிசை எழுந்து போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அடுப்பிலிருந்து இன்னொரு அண்டா சோறு வருகிறது. இருக்கிற முன்வரிசைக்கு இரட்டைப் பங்கு. துளி எண்ணிக்கை குறைந்த காற்று மறுபடி மேலே ஏறினால் புதிதாகக் குளிரும் நீராவி சில துளிகளுக்கு மட்டும் பங்காகிறது. அவை பலூன் கணக்கு சொன்ன அளவையும் தாண்டி வளரலாம். நமக்கு வேண்டிய அந்த 20 மைக்ரான் ஆரத்தை எட்டிப் பிடிக்க இது ஒரு குறுக்கு வழி.

ஆனால் புகும் காற்று வெறுங்கையோடு வருவதில்லை, தூசியோடு வருகிறது. அந்தத் தூசி ஒவ்வொன்றும் புதுத்துளிக்குக் கரு. புது விருந்தாளிகள். அதனால் ஒரே மேகத்தில் பழைய பெரிய துளிக் கூட்டம் ஒன்றும், புதிய பொடித்துளிக் கூட்டம் ஒன்றும் சேர்ந்தே இருக்கும். வார்னரே 1969இல் துளி அளவுகளை வரைந்தபோது இப்படி இரண்டு மேடு வருவதைக் காட்டியிருக்கிறார். பலூன் கணக்கில் வகுப்பு முழுக்க ஒரே உயரப் பையன்கள். நிஜத்தில் ஒன்றாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் ஒரே பெஞ்சில். மோதலுக்கு அது நல்லது.

கடல் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு நூறு துளி அளவில் இருக்கும். நிலத்துத் தூசி கலந்த காற்றில் பல நூறு, ஆயிரம்வரை போகும். அரபிக்கடலிலிருந்து நேரே வரும் ஆனி ஆடி மேகம் சின்னதாக இருந்தாலும் தூறுகிறது. சித்திரையில் கம்பம் பள்ளத்தாக்கின் புழுதியிலிருந்து கிளம்பும் மேகம் ஆனை மாதிரி நின்றும் சும்மா போகிறது. பங்குபோட ஆள் அதிகம் என்பதை ஒரு முக்கியக் காரணமாக நான் வைப்பேன்.

கேள்வி: அப்படியென்றால் உப்புத்தூள் தூவி மழை வரவழைக்கலாம் என்பது உண்மையா, ஏமாற்றா?
— மா வியாபாரி, நகரி, ஆந்திர எல்லை

பதில்: ஏமாற்று இல்லை, மந்திரமும் இல்லை. பெரிய உப்புத்துகள் முதலிலேயே பெரிய துளியை உண்டாக்கும், அது மோதலைச் சீக்கிரம் தொடங்கிவைக்கும். அதற்கு முதலில் ஈரமான, வளர்கிற மேகம் வேண்டும். வெறும் வானத்தில் உப்புத் தூவுவது மாவில்லாமல் கல்லைக் காயவைப்பது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2009இல் தொடங்கி விமானத்தில் மேகத்துக்குள் பறந்து துளிகளை அளந்திருக்கிறது. 2018, 2019இல் சோலாப்பூரில் தூவியும் பார்த்தார்கள். சோலாப்பூரும் மேற்கு மலைக்குக் கிழக்கே, நம்மைப் போல மழை மறைவுப் பூமி. தூவின மேகத்தோடு தூவாத மேகத்தையும் அளந்தால்தான் வித்தியாசம் தெரியும். யாராவது உங்களிடம் பணம் கேட்டு வந்தால், தூவாத மேகத்தின் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எஸ்டேட்டில் காலையில் மேகத்துக்குள்ளேயேதான் கொழுந்து பறிக்கிறோம். சட்டை அவ்வளவாக நனைவதில்லை. ஆனால் புருவத்திலும், முன்னால் விழும் முடியிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நிற்கிறது. ஏன் சார்?
— தேயிலைத் தொழிலாளி, மூணாறு

பதில்: அம்மா, நீங்கள் சொன்னது மேகத்தின் முழுப் பாடம். ரோட்டில் லாரி போகும்போது பாருங்கள். எதிரே வரும் கொசு, மெல்லிய தூசி எல்லாம் காற்றோடு வளைந்து லாரியைச் சுற்றிப் போய்விடும், சின்னக் கல்தான் கண்ணாடியில் அடிக்கும். மேகத்துளி கொசு மாதிரி. உங்கள் உடம்பு லாரி, அதைச் சுற்றிக் காற்று தூரத்திலேயே வளைகிறது, துளியும் வளைந்துவிடுகிறது. முடி மெல்லியது. அதன் பக்கத்தில் வந்தபிறகுதான் காற்று வளையும், அவ்வளவு சட்டென்று துளியால் திரும்ப முடியாது, மோதி ஒட்டிக்கொள்ளும். சிலந்தி வலையில் முத்து கோர்ப்பதும், சோலைக் காட்டுப் பாசி மழையில்லாத நாளிலும் சொட்டுவதும் இப்படித்தான். மேகத்துக்குள் சின்னத் துளியும் சின்னத் துளியும் மோதாமல் ஒன்றையொன்று சுற்றிப் போய்விடுவதற்கும் காரணம் இதே வளைவுதான்.

உங்கள் பக்கத்து இராஜமலையில் திருவனந்தபுரத்துப் புவி அறிவியல் ஆய்வு மையம் மேகத்தை அளக்க ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அவர்கள் கருவியால் அளப்பதை நீங்கள் புருவத்தால் அளக்கிறீர்கள்.

கேள்வி: விமானம் வெள்ளை மேகத்துக்குள் நுழைந்தால் ஏன் குலுங்குகிறது?
— வளைகுடாவிலிருந்து விடுமுறையில், களியக்காவிளை

பதில்: ஓரத்தில் இறங்குகிற காற்று, உள்ளே ஏறுகிற காற்று, மறுபடி ஓரத்தில் இறங்குகிற காற்று. மூன்றையும் சில விநாடியில் கடக்கிறீர்கள். பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாத்தா, நிலாவைச் சுற்றி வட்டம் வந்தால் மழை வரும் என்று ஆச்சி சொல்கிறாள். ஆனால் சில நாள் வட்டம் சின்னதாக, கலர் கலராக இருக்கிறது. சில நாள் வெறும் வெள்ளை. அது ஏன்?
— எட்டாம் வகுப்பு மாணவன், வடகரை

பதில்: 'அகல வட்டம் பகல் மழை' என்று உன் ஆச்சி சொல்வது பெரிய வட்டம். கையை நீட்டி விரித்தால் நிலாவிலிருந்து வட்டம் வரை ஒரு சாண் இருக்கும். அது மிக உயரத்தில் இருக்கும் பனித்துகள் போடும் வட்டம். நீ பார்த்த சின்னக் கலர் வளையம் வேறு, அதைப் போடுவது மேகத்துளி. துளி சின்னதானால் வளையம் பெரிதாகும். 20 மைக்ரான் துளி என்றால் ஏறக்குறைய எட்டு நிலா அகலத்துக்கு முதல் வளையம் வரும்.

ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் என்ற மலை உச்சியில் 1894 செப்டம்பரில் சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர் இதுபோன்ற வளையங்களைப் பார்த்து மயங்கி, ஆய்வுக்கூடத்தில் மேகம் செய்யக் கிளம்பினார். அந்த மேகப் பெட்டி கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள்களின் தடத்தைக் காட்டியது. 1927இல் நோபல் பரிசு.

கலருக்குக் காரணம், துளிகள் ஒரே அளவில் இருப்பது. எல்லாத் துளியும் தன் சிவப்பை ஒரே இடத்தில் போடும். அளவு கலந்திருந்தால் ஒன்றின் சிவப்பின்மேல் இன்னொன்றின் பச்சை விழும், கடைசியில் வெறும் பால் வெள்ளை. அடுத்த தடவை பார்க்கும்போது தெருவிளக்கு கண்ணில் படாத இடமாக நின்றுகொள், மெல்லிய மேகம் நிலாவைத் தாண்டும் வரை பொறு. நடுப்பகுதி போகும்போது கலர் தெரிந்து, கிழிந்த ஓரம் வரும்போது கலர் கலங்கினால் எனக்கு ஒரு தபால் அட்டை போடு, மணி எத்தனை என்பதையும் எழுது. ஆச்சியைக் கூடவே நிற்க வைத்துக்கொள், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் உங்கள் ஊரில் பல வீட்டில் குட்டை.